பதினோராம் எண் கூண்டு

ஆசிரியர் பயிற்சி என்று எங்களை அவ்வப்போது ஒரு ஹாலில் உட்கார வைப்பார்கள். போன முறை வந்த பயிற்றுநர் ஆளுக்கொரு வண்ணத் தாளைக் கையில் கொடுத்து, "பாடத்தைச் செயல்பாடா மாத்துங்க, பிள்ளைங்க வாழ்நாளைக்கும் மறக்க மாட்டாங்க" என்றார். மறக்க மாட்டார்கள்தான். எனக்கு முப்பது வயதாகிறது. உடன்குடிப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் நான் படித்த பாடங்களில் முக்கால்வாசி மறந்துவிட்டது. அப்போது எங்கள் டீச்சர் நடத்திய ஒரு செயல்பாடு மட்டும் மறக்கவில்லை. அந்த வண்ணத் தாளைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் படித்தது தூத்துக்குடியில், கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருந்த ஒரு பெண்கள் பள்ளியில். புவியியல் டீச்சர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் ஒரு மடிப்பு கலைந்திருக்காது. ஒருநாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. குரலை உயர்த்தியதில்லை, கம்பைத் தொட்டதில்லை. அடித்திருந்தால் தேவலை. அடி வாங்கினால் வீட்டுக்குப் போய்க் காட்டி அழலாம். அவர் செய்ததைக் காட்டுவதற்கு உடம்பில் இடமே கிடையாது.

எங்களுக்கெல்லாம் அவர் என்றால் உயிர். அதையும் சொல்லத்தான் வேண்டும். மற்ற டீச்சர்கள் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார்கள். இவர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக் கண்டங்களைக் காட்டுவார், மைதானத்தில் சுண்ணாம்பால் தமிழ்நாட்டை வரைந்து எங்களை மாவட்டங்களாக நிற்க வைப்பார். அவர் பீரியடுக்கு முன்னால் பெல் அடித்தால் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொண்டு உட்காருவோம்.

அந்த வருஷம் ஐப்பசி முடிந்தும் காற்று ஓயவில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. டீச்சர் அதையே பாடமாக்கினார். எங்களை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், "அதோ பாருங்க, கொடிமரத்துல கூண்டு தெரியுதா?" என்றார். எனக்குத் தண்ணீர் டாங்கும் கோயில் கோபுரமும்தான் தெரிந்தன. யாருக்கும் வேறு எதுவும் தெரிந்திருக்காது. ஆனாலும் நாற்பது பேரும் ஒரே குரலில் "தெரியுது டீச்சர்" என்று சொன்னோம். எங்கள் வகுப்பின் லட்சணத்தைச் சொல்ல இது ஒன்று போதும்.

கீழே வந்ததும் கூண்டு செய்தோம். துடைப்பக் குச்சியை வளைத்து, கறுப்பு சார்ட் பேப்பரை மைதாப் பசையால் ஒட்டி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை வெள்ளைச் சாக்கட்டியால் எண் எழுதினோம். ஒன்றும் இரண்டும் தூரத்தில் எங்கேயோ புயல். மூன்றும் நான்கும் கிட்டத்தில். அப்படியே ஏறி, எட்டு ஒன்பது பத்து என்றால் பெரும் அபாயம். பதினோராம் எண்ணை டீச்சர் கடைசியாக எடுத்துக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இது ஏறிச்சுன்னா வானிலை மையத்தோட தொடர்பே அறுந்து போச்சுன்னு அர்த்தம். அங்கேருந்து இங்க சேதி வராது, இங்கேருந்து அங்க போகாது. இதுதான் எல்லாத்துலயும் மோசம்." எங்களுக்கு அந்தக் கூண்டின் மேல் ஒரு தனி ஆசை வந்துவிட்டது.

பாடம் முடிந்தது, கூண்டுகள் முடியவில்லை. தச்சரை வரச்சொல்லி ஒவ்வொரு பெஞ்சின் ஓரத்திலும் ஓர் ஆணி அடிக்க வைத்தார் டீச்சர். வீட்டுப் பாடம் எழுதாதவள் பெஞ்சில் ஒன்றாம் எண். வரைபடத் தேர்வில் தோற்றவளுக்கு மூன்று. ஐந்து ஏறினால் மத்தியானம் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். எட்டு ஏறினால் நின்றுகொண்டே பாடம் கேட்க வேண்டும். பதினொன்று ஏறினால் அவளோடு வகுப்பில் யாரும் பேசக்கூடாது. அவளும் யாரோடும் பேசக்கூடாது. தினமும் காலையில் லீடர் எழுந்து, வானொலியில் வாசிப்பவரைப் போலக் குரலை மாற்றிக்கொண்டு, யார் யார் பெஞ்சில் எத்தனையாம் எண் என்று அறிவிப்பாள். வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அடுத்தவள் பெஞ்சில் தொங்கும்வரை கூண்டு வேடிக்கையான பொருள்தான்.

அதற்குப் பிறகு 'தொழில்கள்' பாடம் வந்தது. கல்வி அதிகாரிகள் பார்வையிட வரப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம். டீச்சர் சுவர் அகலத்துக்கு ஒரு சார்ட் தயார் செய்தார். 'எங்கள் ஊர், எங்கள் அப்பாக்கள்' என்று தலைப்பு. ஒவ்வொருத்தியும் அப்பா வேலை செய்கிற போட்டோ ஒன்று கொண்டுவந்து, அவளவள் கட்டத்தில் ஒட்ட வேண்டும். உப்பளத்தில் வரப்பு மேல் நிற்கும் அப்பா வந்தார், பரோட்டாக் கல் முன்னால் வேர்த்து வழிகிற அப்பா வந்தார், அனல்மின் நிலையத்தின் மஞ்சள் தொப்பி அப்பா வந்தார். ஒருத்திக்கு அப்பா இல்லை. மாலை போட்ட படத்தைத்தான் கொண்டுவந்தாள். டீச்சர் பார்த்துவிட்டு, "மாலை தெரியாம வெட்டி ஒட்டு, பாக்க நல்லாருக்காது" என்று கத்தரிக்கோலைக் கொடுத்தார். அவள் மாலையை வெட்டினாள். மாலையோடு அப்பாவின் தோள்களும் போயின. முகம் மட்டும் ஒட்டப்பட்டது. டீச்சர் "குட்" என்றார்.

என் கட்டம் காலியாகக் கிடந்தது. என் அப்பா தோணியில் மாலுமி. தோணி என்றதும் துடுப்புப் போடுகிற படகு என்று நினைத்துவிட வேண்டாம். மரத்தால் கட்டிய சரக்குக் கப்பல் அது; வெங்காயம், சிமெண்ட், ஜல்லி எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும். பழைய துறைமுகத்திலிருந்துதான் கிளம்பும். துறைமுகத்துக்குள் கேமரா கொண்டுபோக விடமாட்டார்கள். அப்பாவின் படம் என்று வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், கல்யாணப் படம். அதில் அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு யாரோ மாதிரி இருப்பார்.

இதை டீச்சரிடம் சொன்னேன். "அதெப்படி, கிரேன் ஓட்டுறவர் படம் வந்திருக்கே?" என்றார். அவர் துறைமுகத்து ஊழியர், ஆபீஸிலேயே படம் எடுத்துக் கொடுத்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மூன்றாம் எண்ணை என் பெஞ்சில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் ஐந்து. அதற்கு மறுநாள் எட்டு. தோணி அப்போது துறைமுகத்தில் கூண்டு இறங்குவதற்காகக் காத்துக் கிடந்தது. சரக்கு ஏற்றிவிட்டால் ஆட்கள் தோணியிலேயேதான் தங்க வேண்டும். அப்பா வீட்டுக்கு வரவில்லை. அம்மாதான் போனில் போட்டோ விஷயத்தைச் சொன்னாள். "பாப்போம்னு சொன்னாவ" என்றாள் என்னிடம். அதோடு சரி.

எட்டாம் எண் ஏறிய நாள் நான் நின்றுகொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, ரொம்ப மென்மையாகக் கேட்டார்.

"அப்பா தோணியில போறார்னு சொல்ல வெக்கமா இருக்காம்மா?"

எனக்குக் கோபம் வந்தால் வாய் அடைத்துக்கொள்ளும். இன்றும் அப்படித்தான். காது சூடாகும், ஒரு வார்த்தை வெளியே வராது. வெட்கமா? அப்பா வந்து இறங்கும் நாளில் தெருமுனைக்கே ஓடிப்போய் அவர் பையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு வருகிறவள் நான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. டீச்சரை முறைத்துக்கொண்டு நின்றேன்.

"பாத்தீங்களா, பதிலே இல்ல" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். "பெத்த அப்பாவச் சொல்லுறதுக்கு வெக்கப்படுற பொண்ணு. பேசமாட்டியா? சரி. உன்கூடவும் யாரும் பேச வேண்டாம்." லீடரிடம் கையை நீட்டினார். லீடர் பதினோராம் எண்ணை எடுத்துக் கொடுத்தாள். வருஷத்தில் முதல் தடவையாக அது ஏறுகிறது. பின்னாலிருந்து யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

என்னைக் கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் தனியாக உட்கார வைத்தார்கள். டீச்சர்தான் போய்விட்டாரே, மற்ற பீரியடில் பேசுவார்கள் என்று நினைத்தேன். பேசவில்லை. மைதானத்தில் பந்து என் பக்கம் உருண்டு வந்தால் நான் எடுத்துக் கொடுக்கும்வரை காத்திருந்து, முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி சின்ன வகுப்பிலிருந்தே என்னோடு நடந்து வருகிறவள். அவளும் சாலையின் எதிர்ப்புறமாக நடந்தாள். பள்ளிக்கூடத்தைத் தாண்டிய பிறகும், உப்பு லாரிகள் போகிற மெயின் ரோட்டைத் தாண்டிய பிறகும், எங்கள் தெருவுக்குள் வந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. "ஏளா, இங்கன யாரு பாக்கப் போறா?" என்று கேட்டேன். உதட்டை இறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிவிட்டாள். அவர்களுக்கு அது கஷ்டமாகவே இல்லை, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். விரதம் இருக்கிறவர்களைப் போல ஒரு பெருமிதத்தோடு இருந்தார்கள்.

வருகைப் பதிவு எடுக்கும்போது என் பெயர் வந்தால் டீச்சர் நிமிர்ந்து, "தொடர்பு இல்லை" என்பார். வகுப்பு குலுங்கிச் சிரிக்கும். நான் "உள்ளேன் டீச்சர்" என்று முனகுவேன். "காத்துச் சத்தம் கேக்குது, ஜன்னலச் சாத்துங்க" என்பாள் லீடர். அந்தக் கெட்டிக்காரித்தனத்துக்கு டீச்சரிடம் ஒரு புன்னகை கிடைக்கும்.

அந்த வாரக் கடைசியில் துறைமுகத்தில் கூண்டை இறக்கிவிட்டார்கள். என் பெஞ்சில் இருந்ததை இறக்கவில்லை. அன்று மத்தியானம் டீச்சர்களுக்கெல்லாம் கூட்டம். வகுப்பை லீடரிடம் ஒப்படைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து ஆயா வந்து வகுப்பு வாசலில் நின்றார். லீடர் எழுந்து போனாள். இருவரும் என்னவோ பேசினார்கள். முன் பெஞ்சுகளில் இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கூண்டைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த ஜன்னலுக்கு வெளியே தெரிவது பின்பக்கச் சுவர். கேட் இருப்பது எதிர்ப்பக்கம். கொஞ்ச நேரம் கழித்து ஆயா மறுபடி வந்தார். லீடர் ஏதோ சொன்னாள். ஆயா என்னை எட்டிப் பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனார். எதற்கு என்று யாரிடம் கேட்பது? கேட்டால் காற்றுச் சத்தம் என்பார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா கெளம்பிட்டாவ. கூண்ட எறக்கிட்டாவல்லா, ஒடனே கெளம்பச் சொல்லிட்டாவளாம்."

"என்ட்ட சொல்லாமலயா?"

"போன்ல ரெண்டு வார்த்த பேசினாவ. குரலே சரியில்ல. ஒன்ன ஒண்ணும் கேக்கல."

என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் இடித்தது. எப்போது கிளம்பினாலும் என் தலையில் கை வைத்து, வாய்க்குள் செபம் சொல்லிவிட்டுப் போகிறவர். இந்த வாரம் ஊரே என்னோடு பேசவில்லை. அப்பாவும் பேசாமல் போய்விட்டார். அழுது அழுது கண் வீங்கிவிட்டது. போட்டோவுக்காக நான் பட்டதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

அதிகாரிகள் வருவதற்கு முந்தைய நாள் டீச்சர் என் கட்டத்தில் செய்தித்தாளிலிருந்து ஒரு தோணிப் படத்தை வெட்டி ஒட்டினார். தூரத்தில் எடுத்த படம். ஆட்களே தெரியவில்லை. அதன் கீழே என் பெயரை எழுதி, என் பெஞ்சிலிருந்து கூண்டை இறக்கினார். எல்லோரும் ஒரே நேரத்தில் என்னோடு பேச ஆரம்பித்தார்கள், ஒன்றுமே நடக்காத மாதிரி. பக்கத்துத் தெருக்காரி புளிப்பு மிட்டாய் கொடுத்தாள். நானும் வாங்கித் தின்றேன். பதினான்கு வயதில் வேறு என்ன செய்வது? அதிகாரிகள் சார்ட்டைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

சில மாதங்கள் கழித்து அப்பா வந்தார். நான் தெருமுனைக்குப் போகவில்லை. மாலத்தீவிலிருந்து வாங்கிவந்த கைக்கடிகாரத்தை என் முன்னால் வைத்தார். நான் அதைத் தொடாமல் உள்ளே போய்விட்டேன். சொல்லாமல் போனதற்கு அவர் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. பிறகு கடிகாரத்தை எடுத்து அம்மாவிடம் கொடுத்து, "பெறவு போட்டுக்கிடட்டும்" என்றார்.

அதற்கப்புறம் எங்களுக்குள் ஒரு மரியாதை வந்துவிட்டது. பாழாய்ப்போன மரியாதை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவைத்தான் அனுப்புவார். நான் கல்லூரியில் பட்டம் வாங்கிய அன்று பஸ்ஸில் வந்தார். ஆனால் வளாகத்துக்குள் வராமல் எதிரே ஒரு டீக்கடையில் நின்றுகொண்டு என்னை அங்கே வரச்சொன்னார். என் கல்யாணத்தில் வரிசையில் நிற்பவர்களுக்குப் பின்னால் நின்றார். என் பக்கத்தில் வருவதற்கு முன்னால் சட்டையை மாற்றிவிடுவார், முகம் கழுவிவிடுவார். கடல்காரர், பிள்ளைகளோடு ஒட்டத் தெரியாது என்று நான் அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தேன். அம்மா இறந்த பிறகு அவரை என்னோடு உடன்குடிக்குக் கூட்டிவந்தேன். தோணி வேலையை எப்போதோ விட்டுவிட்டார். காலையில் நான் டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனால் மத்தியானம் கொண்டுவருவார். பள்ளிக்கூட வாசலுக்கு வரமாட்டார். சாலைக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரமாக நின்று போன் செய்வார்.

இந்த வருஷம் எங்கள் புவியியல் டீச்சருக்குப் பழைய மாணவிகள் சேர்ந்து பாராட்டு விழா எடுத்தார்கள். வாட்ஸப் குழுவில் நாள்முழுக்கப் பூங்கொத்தாகக் கொட்டியது. நானும் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், போகாவிட்டால் இன்னும் வெட்கப்படுகிறாள் என்பார்களே, அதற்காகத்தான் போனேன். டீச்சர் அதே கஞ்சி மடிப்போடு மேடையில் உட்கார்ந்திருந்தார். முடி மட்டும் வெள்ளை. மைக் பிடித்தவள் எங்கள் லீடர். இப்போது சென்னையில் பெரிய வேலையில் இருக்கிறாள், நல்ல பேச்சுக்காரி. பழைய கதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கூண்டுக் கதையும் வந்தது.

"டீச்சர் சொன்னா சொன்னதுதான்! இங்க உக்காந்திருக்கால்லா, இவளுக்குப் பதினொண்ணு போட்டிருந்தாங்க. அன்னைக்குன்னு பாத்து இவ அப்பா கேட்டுக்கு வந்துட்டாவ. இடுப்புல சாரத்தக் கட்டிக்கிட்டு வேர்க்க விறுவிறுக்க நிக்காவளாம். போட்டோ குடுக்கணுமாம், தோணிக்கு நேரமாச்சாம். ஆயா வந்து என்ட்ட சொல்லுதாங்க. நான் எப்படிச் சொல்லுவேன், பதினொண்ணுல்லா! டீச்சர் வேற மீட்டிங்ல. மறுபடியும் ஆயா வந்து நிக்காங்க. நான் என்ன செய்ய? 'அவ வரமாட்டேங்கா'ன்னு சொல்லிவிட்டுட்டேன்!"

ஹால் முழுவதும் சிரித்தது. டீச்சரும் வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சிரித்தார். "ஒழுக்கம்னா அந்த செட்டுதான்" என்றார் மைக்கில். எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த மைக்கைப் பிடுங்கி அவள் பல்லிலேயே இடிக்க வேண்டும் போலிருந்தது. இடிக்கவில்லை. அதே வாயடைப்பு. சாப்பாட்டுப் பந்திக்குப் போகும்போது டீச்சர் என் தோளில் கை வைத்து, "நீயும் டீச்சராமே? பாத்தியா, அந்தக் கூண்டுதான் உன்ன ஆளாக்கிருக்கு" என்றார். தோளை உருவிக்கொண்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டேன். வழி நெடுக உப்பளமும் பனையும் ஓடுகின்றன. என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற என் அப்பாதான். நான் திரும்பி உட்கார்ந்திருந்த ஜன்னல் எதிர்ப்பக்கமாக இருந்திருக்கக் கூடாதா?

வீட்டில் அப்பா நார்க் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சார்ட், கூண்டு, பதினொன்று, ஆயா, அவள் சொன்ன பொய். மூச்சு வாங்க வாங்கச் சொன்னேன். அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தப் போட்டோ எங்கப்பா?"

"அது அப்பமே போச்சு. கூட வேல பாத்தவன் போன்ல எடுத்தது. சுக்கான் பக்கத்துல நின்னு எடுத்தோம். பிரிண்டு போட்டு வாங்குதுக்குள்ள தோணிக்கு வரச்சொல்லி ஆளு விட்டுட்டானுவ, ஓட்டமா ஓடியாந்தேன். அந்த ஆயாம்மா என்ட்ட குடுங்கன்னுதான் கேட்டாவ. எனக்குக் குடுக்க மனசு வரல. கடல்ல தூக்கிப் போட்டுட்டேன்."

"நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்லப்பா. எனக்கு யாரும் சொல்லல."

அப்பா என்னைப் பார்த்தார். கோபமோ வருத்தமோ இல்லாத முகம்.

"நாப்பது புள்ளையள் இருந்தும் ஒண்ணுகூடவா வந்து சொல்லல?"

"இல்லப்பா."

"நடுக்கடல்ல பகையாளி தோணின்னாலும் காத்து மாறுதுன்னா சத்தம் போட்டுச் சொல்லிட்டுத்தான் போவான். சின்னப் புள்ளையள் அப்படியா இருக்கும்? அப்பன் வந்து வாசல்ல நிக்கான்னு சொல்லாமலா இருக்கும்?"

அவர் நம்பவில்லை. ஆயா உயிரோடு இல்லை. அம்மாவும் இல்லை. போனை எடுத்து லீடரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டேன். பின்னணியில் விழாவுக்கு வந்தவர்களின் சிரிப்பு இன்னும் கேட்டது. "மேடையில சொன்னியே, எங்க அப்பா வந்த கதை, அத எங்க அப்பாட்ட சொல்லு. நீதான் வரமாட்டேங்கான்னு சொன்னன்னு சொல்லு" என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும்.

என் குரலில் இருந்தது அவளுக்குப் புரிந்துவிட்டது. கெட்டிக்காரி.

"ஏய், என்னடி நீ... அங்கிள், வணக்கம் அங்கிள். அது சும்மா மைக்ல ஒரு கலகலப்புக்குச் சொன்னது அங்கிள். எனக்கே சரியா ஞாபகம் இல்ல. சின்ன வயசுல என்ன நடந்துச்சோ! அதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க அங்கிள்."

"சரிம்மா. நல்லாருங்க" என்றார் அப்பா. போன் நின்றது.

நான் போனைத் தரையில் அடித்தேன். அப்பா குனிந்து அதை எடுத்து, துண்டால் துடைத்து, கட்டிலில் வைத்தார். பிறகு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு, என் தலையில் கை வைத்தார்.

"விடு தாயி. அந்தப் புள்ளைய எதுக்கு இதுல இழுக்க? நீயும் சின்னப் புள்ளதான அப்பம். சாரமும் டீசல் நாத்தமுமா வந்து நின்னேன். கூடப் படிக்கிற புள்ளையள் முன்னால வெக்கமாத்தான் இருந்திருக்கும். எனக்கு அதுல வருத்தமே இல்ல. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல."

மனதார மன்னித்துவிட்டார். அந்தக் கையின் கனத்திலேயே தெரிந்தது. அவர் எப்போதோ மன்னித்திருக்கிறார். அதற்கான சந்தர்ப்பம்தான் இன்று கிடைத்திருக்கிறது. நான் செய்யாத ஒன்றுக்கு. "நான் வெக்கப்படலப்பா" என்று இன்னொரு தரம் சொன்னேன். "சரி தாயி, சரி" என்றார், காய்ச்சல்காரியிடம் சொல்வது போல.

திங்கட்கிழமை டிபன் டப்பாவை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் போன் வந்தது. சாலைக்கு அந்தப் பக்கம், டீக்கடை ஓரமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். என் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் மைதானத்தில் இருந்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்றே சாலையைத் தாண்டி ஓடினேன். அவர் கையைப் பிடித்து, "உள்ள வாங்கப்பா, எங்க பிள்ளைங்களப் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அப்பா டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"வேண்டாம் தாயி. சட்ட அழுக்கா இருக்கு."